கடலோர வீட்டுத் தோட்டம்: மாசி முதல் வைகாசி வரை தோன்றும் கோளாறுகளை அறிகுறி கொண்டு நீக்கும் வழிமுறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தைப் பனி விலகியதும் காய்கறித் தோட்டம் போடுவதற்கு ஏற்ற காலம் தொடங்குகிறது. மாசியில் விதைத்தால் பங்குனியில் கீரையும், சித்திரையில் வெண்டை, கொத்தவரை, புடலை, பாகல் ஆகியவையும் அடுக்களைக்கு வந்து சேரும். ஆனால் இதே மாதங்களில்தான் வெயில் நாளுக்கு நாள் ஏறுகிறது. நிலத்தடி நீர் இறங்குகிறது. கடலை ஒட்டிய தெருக்களில் அது இறங்க இறங்க உப்பும் கூடுகிறது. ஆகவே இந்தக் கரையில் ஒரு செடி வாடினாலும், கருகினாலும், பூவை உதிர்த்தாலும், பூச்சிமருந்தைத் தேடுவதற்கு முன் நீரையும் மண்ணையும் வெயிலையும் பார்ப்பதே முறை. மருந்தடித்தும் தீராத கோளாறுகளில் பெரும்பகுதி வேரடியில் தொடங்கியவையாகவே இருக்கின்றன.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் தெரியும் அறிகுறியைக் கண்டு அங்கிருந்து தொடங்கலாம். எந்த அறிகுறியாயினும் இரண்டு சோதனைகளை முதலில் செய்துவிடுங்கள். ஒன்று, விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்கி ஈரம் பார்ப்பது. மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே சேறாக இருக்கலாம், மேலே நனைந்து உள்ளே புழுதியாகவும் இருக்கலாம். மற்றொன்று, பாய்ச்சும் நீரில் கரைந்துள்ள உப்பை டிடிஎஸ் மீட்டர் கொண்டு அளப்பது. லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் அந்த நீரில் தேறுவது கடினம். இடைப்பட்ட அளவில் செடித் தேர்வும் நீர் பாய்ச்சும் முறையும்தான் விளைச்சலை முடிவு செய்யும். தொழிற்பேட்டையை ஒட்டி வசிப்பவர்கள் இந்த மீட்டரோடு நின்றுவிடாமல், நீரை ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை முழுமையாகச் சோதித்துக்கொள்வது நல்லது. எந்த உப்பு, எந்த உலோகம் என்பதை மீட்டர் பிரித்துக் காட்டாது.

விதை முளைக்கவில்லை

வெண்டை நான்கு முதல் ஆறு நாளில் முளைத்துவிடும். கத்தரியும் மிளகாயும் ஏறக்குறைய பத்து நாள் எடுக்கும். பாகல், பீர்க்கு ஆகியவற்றின் விதைத்தோல் தடிப்பானது என்பதால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, வெள்ளை முளை தலைகாட்டியதும் ஊன்றினால் காத்திருப்பு குறையும். இந்தக் கெடு கடந்தும் ஒன்றும் வரவில்லை என்றால், மீதமுள்ள விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். அங்கே முளைத்து மண்ணில் முளைக்காவிட்டால் குறை மண்ணில் அல்லது ஆழத்தில் உள்ளது. அங்கேயும் பாதிக்குமேல் முளைக்காவிட்டால் விதை பழையது. விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழமே போதும்.

கீரை விதை தூவிய இடத்தில் ஒன்றுமே வராதபோது எறும்பைச் சந்தேகிக்க வேண்டும். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக எருவைப் பரப்பி, பாத்தியைச் சுற்றி ஒரு கைப்பிடி நொய்யைப் போட்டுவைத்தால் எறும்பு அதை இழுத்துப் போவதில் முனைந்துவிடும். மூன்று நான்கு நாளில் கீரை முளைத்துவிடும்.

நாற்று தண்டடியில் மெலிந்து சாய்கிறது

இது நாற்றழுகல் என்னும் பூஞ்சை நோய். ஈரம் மிகுதி, நெருக்கம், காற்றோட்டமின்மை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் வரும். சாய்ந்த நாற்றுகளை அடிமண்ணோடு எடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்குக் காலையில் மட்டும் நீர் விடுங்கள். அடுத்த முறை விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் என்னும் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியைக் கலந்துகொள்ளலாம். வீட்டளவில் ஒரு சிட்டிகையே போதுமானது.

இலையின் ஓரமும் நுனியும் கருகுகின்றன. மண்மேல் வெண்மை படர்கிறது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் முத்தியால்பேட்டை முதல் கடலூர் முதுநகர் வரை கரையோரமாகத் தோட்டம் போடும் எவரும் இதைச் சந்திக்காமல் இருக்க முடியாது, பலர் இதை நோய் என்றெண்ணி மருந்துக்குச் செலவு செய்கிறார்கள்.

முதலில் கருகல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செடியின் எல்லாப் பக்கத்திலும், அடி இலைகளில் தொடங்கி, ஓரங்கள் பழுப்பாகிச் சுருண்டால் உப்பு வேர்வழியாக ஏறியிருக்கிறது. கடலை நோக்கிய பக்கத்து இலைகள் மட்டும் தீய்ந்து மறுபக்கம் பசுமையாக இருந்தால், பிற்பகலில் வீசும் கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துளிகளே காரணம். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் மாடித் தோட்டங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இரண்டாவது வகைக்குத் தீர்வு எளிது. கிழக்குப் பக்கமாக அகத்தியை வரிசையாக நட்டோ, மாடியில் பனைமட்டை அல்லது தென்னங்கீற்றுத் தடுப்பு கட்டியோ காற்றை மறித்து, காற்று பலமாக அடித்த நாளின் மாலையில் இலைகளை நல்ல நீரால் கழுவிவிட்டால் போதும்.

முதல் வகைக்கு உப்பு எவ்வழியில் வந்தது என்று தேட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் முதல் வழி. சரியாகக் கழுவாத தென்னைநார்க் கழிவு இரண்டாவது. நாரைக் காயல் நீரில் ஊறவைத்திருந்தால் கழிவிலும் அந்த உப்பு தங்கியிருக்கும். அதை வாங்கியவுடன் வளர்பையில் நிரப்பாமல், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். குடிநீருக்கான ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவது மூன்றாவது. அந்த நீரில் உப்பு செறிந்திருக்கிறது, அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். மீன் கழிவை நேரடியாக மண்ணில் புதைப்பது நான்காவது. கடல்நீரில் அலசிய செவுளும் குடலும் மண்ணுக்குள் உப்பைக் கொண்டுவரும். நல்ல நீரில் அலசி, சம எடை வெல்லத்தோடு மூடிய பாத்திரத்தில் மூன்று வாரம் வைத்து மீன் அமிலமாக்கி, லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து கொடுத்தால் தழைச்சத்து கிடைக்கும், கெடுதலும் இராது.

ஏறிய உப்பை இறக்க ஒரே வழி கழுவி வெளியேற்றுவதுதான். தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை, ஒரே மூச்சில் கொட்டாமல் மெல்ல மெல்ல ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிடுங்கள். துளை அடைபட்டிருந்தால் இந்த வேலையால் பயனில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் அதில் தேங்கும் நீரை உடனே அகற்றுங்கள். அதன் பிறகு நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிக்கும் பழக்கத்தை விட்டு, பாய்ச்சும்போது அடியில் வடியுமளவு பாய்ச்சி, மண் காயத் தொடங்கிய பின் அடுத்த முறை பாய்ச்சுங்கள். சிறிதளவு நீர் தெளித்தால் நீர் மட்டும் ஆவியாகி உப்பு மேலேயே தங்கிவிடும். உலர்ந்த இலை, தென்னை மட்டைத் துணுக்கு, கரும்புச் சோகை என எது கிடைத்தாலும் இரண்டு அங்குல உயரத்துக்கு மூடாக்கு இட்டால் ஆவியாதல் குறையும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகைக்குப் பஞ்சமில்லை.

நீரை மாற்ற வாய்ப்பில்லை என்றால் செடியை மாற்றுங்கள். கொத்தவரையும் தட்டைப்பயறும் பாலக் கீரையும் பீட்ரூட்டும் உப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவை பொறுக்கமாட்டா. தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைக் கிணற்றிலோ தொட்டியிலோ முறையாகச் சேர்த்துவைத்த வீடுகள் பங்குனியில் அதன் பலனைக் கண்கூடாகக் காண்கின்றன. நாற்றுப் பருவத்துக்கு மட்டுமாவது அந்த நீரை ஒதுக்கிவையுங்கள், இளஞ்செடிதான் உப்புக்கு முதலில் பலியாகிறது.

நண்பகலில் செடி தொங்கிப்போகிறது

மாலை நான்கு மணிக்குமேல் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோயன்று. அகன்ற இலையுள்ள பூசணியும் சுரையும் வெயிலில் அப்படித்தான் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் நீர் ஊற்றாதீர்கள். மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால் மண்ணின் ஈரத்தைப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் நீரின்மை. மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகியிருக்கலாம். செடியைப் பிடுங்கிப் பார்த்து, வேர் பழுப்பாகி நாற்றமடித்தால் அந்தச் செடியை அகற்றி அந்த மண்ணில் உடனே கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் நடாதீர்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரிந்தால் அது நூற்புழு. மணற்பாங்கான மண்ணில் அதிகம் வரும். பாத்தியில் துலுக்கச் சாமந்தியை ஊடே நடுவதும், வேப்பம் பிண்ணாக்கைக் கலப்பதும் அதைக் குறைக்கும்.

கத்தரியில் செடி முழுவதும் நன்றாக இருக்க, ஒரு கிளையின் நுனி மட்டும் தொங்கினால் அதனுள் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். வெட்டியதைக் குப்பைக்குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகி மீண்டும் வரும். நான்கு ஐந்து செடி உள்ள வீட்டில் வாரம் இருமுறை இப்படிப் பார்த்து வெட்டுவது எந்த மருந்தையும்விடச் சிறந்த காப்பு. கத்தரி ரகம் தேடுபவர்கள், பண்ருட்டிக்கு அருகே பாலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் ரகங்களைக் கேட்டுப் பார்க்கலாம்; இம்மாவட்டத்து மண்ணிலேயே தேர்வு செய்யப்பட்டவை என்பது அவற்றின் தனிச்சிறப்பு.

இலை மஞ்சளாகிறது

அடி இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. தொழு உரமோ மண்புழு உரமோ இட்டு, 3 சதவீதப் பஞ்சகவ்யா, அதாவது லிட்டர் நீருக்கு 30 மில்லி, தெளிக்கலாம். நுனி இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பசுமையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. கிளிஞ்சல் துகள் கலந்த கரையோர மண்ணில் இது இயல்பு. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். கேப்பர் மலைச் செம்மண்ணிலோ காலாப்பட்டுச் செம்மண்ணிலோ தோட்டம் போட்டவர்களுக்கு இந்தக் குறை அரிது. அங்கே மண்ணின் வறட்சிதான் முதற்சிக்கல்.

வெண்டையில் இலையின் நரம்பே மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வேறு. வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய் அது, கோடையில் மிகுதி. நோயுற்ற செடிக்கு மருந்து இல்லை. கண்ட அன்றே பிடுங்கிவிட்டு, மற்றச் செடிகளுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

மிளகாய் இலை சுருள்கிறது

இலையின் விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் இலையின் அடிப்பக்கம் நீரைப் பீய்ச்சி அடிப்பதும், மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசலும் தொடக்கத்தில் போதும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் பயன்படுத்துவோர் கடும் வெயிலில் அதைத் தெளிக்கக் கூடாது, இலை வெந்துவிடும். இலை சிறுத்து, தடித்து, செடியே குட்டையாகி நின்றுவிட்டால் அது நச்சுயிரி (வைரஸ்) நோய்; செடியை எடுத்துவிடுவதே வழி.

பூக்கிறது, காய்க்கவில்லை

சித்திரை மாதத்தில் இந்தக் கேள்விதான் எல்லா வீட்டிலும் எழுகிறது. விடை செடிக்குச் செடி வேறுபடும்.

தக்காளிக்குப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். நம் கரையில் சித்திரை, வைகாசி இரவுகள் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே சித்திரையில் உதிரும் தக்காளிப் பூவுக்கு ஊக்கி வாங்கித் தெளிப்பது வீண்செலவு. பருவமழை ஓயும் மார்கழியில் நாற்று நட்டு, பங்குனிக்குள் பறித்து முடிப்பதே இவ்வூருக்குப் பொருத்தம். இப்போது நிற்கும் செடிக்குப் பசுமை நிழல்வலை கட்டி, சீராக நீர் விட்டுப் பார்க்கலாம்; பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

சுரை, புடலை, பீர்க்கு, பாகல், பூசணி ஆகிய கொடிகளில் முதலில் வருபவை ஆண் பூக்களே. அவை உதிர்வது இயற்கை. பூவின் அடியில் சிறு பிஞ்சு ஒட்டியிருந்தால் அது பெண் பூ. பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. மாடிகளில் தேனீ வரத்து குறைவு என்பதால் நாமே சேர்க்க வேண்டும். நேரம் இங்கே முக்கியம்: பூசணியும் பாகலும் வெள்ளரியும் காலையில் மலர்பவை, சுரையும் பீர்க்கும் புடலையும் மாலையில் மலர்பவை. சுரைக்குக் காலையில் போய் முயன்றால் வாடிய பூவே கையில் கிடைக்கும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தேய்த்துவிடுங்கள். குழந்தைகள் இந்த வேலையை விரும்பிச் செய்வார்கள். மாலைப் பூக்களைத் தாத்தா பாட்டியோடு அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

அவரைக்கொடி பந்தல் முழுவதும் படர்ந்தும் பூக்கவில்லை என்றால் குறை எதுவும் இல்லை. நாட்டுக் கொடியவரை பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் காய்க்கும்; மாசியில் ஊன்றினால் இலையை மட்டுமே தரும். கோடைக்கு வேண்டுவோர் குத்து அவரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

தக்காளியின் அடி கறுத்துக் குழிகிறது

சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் அது இருக்கிறது. ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் வெள்ளமுமாக நீர் விடுவதால் வேர் அதை எடுத்துச் செல்ல இயலவில்லை. நீரைச் சீராக்குங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது தவறன்று, ஆனால் அது கரைந்து பயன்தர மாதங்கள் ஆகும்.

காய் கசக்கிறது

வெள்ளரி கசந்தால் பெரும்பாலும் செடி நீருக்குத் தவித்திருக்கிறது. பாசனத்தைச் சரிசெய்தால் அடுத்த காய்கள் தேறும். சுரைக்காய் கசந்தால் அதைச் சமைக்கவே கூடாது. கசப்புச் சுரையில் உள்ள குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, குருதிக்கசிவு வரை கொண்டுபோகும், வேகவைத்தாலும் நீங்காது. சாறாகக் குடிப்பது இன்னும் ஆபத்து. நறுக்கியதும் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறியுங்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

விளைகிறது, ஆனால் வீட்டு உணவில் சேரவில்லை

இதையும் ஒரு கோளாறாகவே கருதிப் பார்க்க வேண்டும். பலருடைய தோட்டம் பூச்சியால் நிற்பதில்லை, சமையலோடு பொருந்தாததால் நின்றுபோகிறது.

ஒரு வேளைக்கு ஆறு வெண்டைக்காய் மட்டும் கிடைத்துப் பொரியலுக்குப் போதவில்லை என்றால் செடி எண்ணிக்கை குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வெண்டை, நான்கைந்து கத்தரி, ஒரு புடலை, ஒரு பாகல் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. அதுவரை கிடைக்கும் சிறு அளவுகளைச் சேர்த்துச் சாம்பாரிலோ கூட்டிலோ போடலாம். வெண்டையைப் பூத்த ஐந்தாறு நாளில் பறித்துவிடுங்கள். முற்றவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாறாக, கீரை எல்லாம் ஒரே நாளில் முற்றிவிடுகிறது என்றால் ஒரே நாளில் விதைத்ததுதான் காரணம். பாத்தியை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பகுதியில் முளைக்கீரை தூவினால், ஏறக்குறைய இருபத்தைந்து நாளுக்குப் பின் வாரந்தோறும் இளங்கீரை கிடைக்கும். மிகுந்த கொத்தவரையையும் கத்தரியையும் மோரில் ஊறவைத்துச் சித்திரை வெயிலில் வற்றலாக்கலாம்.

தோட்டத்தில் விளையாதவற்றை உள்ளூரிலேயே தேடுவது அடுத்த படி. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தால் கடலூரில் விளைவித்தவர் கையாலேயே வாங்க முடிகிறது. புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களின் காய்கள் வருகின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து சுருங்கி விலை ஏறும் அந்த நாள்களில்தான் பண்ருட்டிப் பலாவும் மாங்காயும் முருங்கையும் குவிகின்றன. பலாக்கொட்டையும் வீட்டுக் கத்தரிக்காயும் சேர்த்த கருவாட்டுக் குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும், கேழ்வரகுக் கூழுக்குக் கொத்தவரை வற்றலும் இந்த இரண்டு மாதங்களுக்கு இயல்பாகப் பொருந்தும் உணவுகள். இவற்றை மனத்தில் வைத்து மாசியிலேயே எதை விதைப்பது என்று முடிவு செய்தால், விளைந்த காயை என்ன செய்வதென்ற திகைப்பு வராது.

குழந்தை கீரையைத் தொட மறுத்தால் கீரையின் வயதைப் பாருங்கள். பூங்கொத்து வந்த கீரை நாராகவும் கசப்பாகவும் இருக்கும். அதை மறுப்பதில் குழந்தையின் குற்றம் ஏதுமில்லை. பூக்கும் முன் பறித்து, பாசிப்பருப்போடு கடைந்து கொடுங்கள். குழந்தைக்கென்று ஒரு தொட்டியை ஒதுக்கி, அதில் விளைந்ததை அன்றே சமைத்துப் பரிமாறுவது வற்புறுத்தலைவிட நன்றாக வேலை செய்கிறது.

அக்கினி நட்சத்திரம் முடியும்போது செடிகள் எல்லாம் ஓய்ந்துவிட்டன

முதுமையடைந்த செடிகளை உரமிட்டு இழுத்துப்பிடிக்க வேண்டாம். நோயற்றவற்றை எருக்குழியில் போட்டு, நோயுற்றவற்றை எரித்துவிடுங்கள். தரைப் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் ஓரங்களை மண்ணிட்டு மூடி நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால், வெயிலின் சூட்டிலேயே நூற்புழுவும் பூஞ்சையும் பெருமளவு அழியும். வளர்பை மண்ணைக் கொட்டிக் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு புதிய எருவைக் கலந்து மீண்டும் நிரப்புங்கள். ஆடியில் அவரையும் பூசணியும் ஊன்றத் தேவையான விதைகளை இப்போதே நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத புட்டியில் பெயரும் மாதமும் எழுதி வைத்துவிடுங்கள். உப்பேறிய தொட்டிகளைக் கூரைக்கு அடியிலிருந்து வெளியே நகர்த்தி, அடித்துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து, முதல் மழை அவற்றின் வழியாக ஓடி வடியும்படி வையுங்கள்.